சண்டே பஜாரில் கிடைத்த பீங்கான் டாங்கி – யாருக்காவது விவரம் தெரியுமா?

அல்சூர்_ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

நேற்று காலை பெங்களூர் பி.வி.கே. ஐயங்கார் ரோடு சண்டே பஜாருக்குப் போயிருந்தேன். பழைய டேபிள் ஃபேனுக்கு ஒரு ரெகுலேட்டர் வேண்டியிருந்தது. அது கிடைக்கவில்லை. ஆனால் ஒரு தார்ப்பாயில், துருப்பிடித்த ஸ்பானர்களுக்கும் செத்துப்போன மொபைல் சார்ஜர்களுக்கும் நடுவில், வெள்ளையாக ஒரு பீங்கான் சாமான் கிடந்தது. சோப்பு டப்பா என்று நினைத்துத்தான் எடுத்தேன். திருப்பிப் பார்த்தால் டாங்கி. ராணுவ டாங்கி!

ஒரு சாணுக்குக் குறைவான நீளம். மேலே கலரில் ஏதோ ஒரு ஊரின் முத்திரை, ஊர்ப்பெயர் அழிந்துவிட்டது. பின்பக்கம் இரண்டு குட்டிச் சக்கரங்கள். அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில், 1916 செப்டம்பரில் ஆங்கர் போரில் பிரிட்டிஷ் படைகள் முதன்முதலாகப் பயன்படுத்திய டாங்கியின் மாதிரி என்று இருக்கிறது. 600 சொன்னார், 350க்குக் கொடுத்தார்.

டாங்கியைப் போய் யார் பீங்கானில் செய்வார்கள்? அதில் ஊர் முத்திரை எதற்கு? அம்மா பார்த்துவிட்டு, "கொலுவில் வைக்கலாமா?" என்று கேட்கிறார். வைக்கலாமா?

தூக்கம்வராதவன்

350 ரூபாய்க்கு டாங்கி. பெட்ரோல் போட வேண்டாம், பார்க்கிங் பிரச்சினை இல்லை, சில்க் போர்டு ஜங்ஷனில் எல்லாரும் வழிவிடுவார்கள். லாபம்தான் அண்ணா.

பழையசாமான்

நல்ல வேட்டை. இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கத்துப் பீங்கான் பட்டறைகளின் சரக்கு இது. இந்த வியாபாரத்தைப் பெரிதாக்கியது கோஸ் என்ற கம்பெனி. விக்டோரியா ராணி காலத்தில் ரயில் வந்ததும் ஜனங்கள் கடற்கரை ஊர்களுக்கு ஒருநாள் சுற்றுலா போக ஆரம்பித்தார்கள். போனவர்கள் சும்மா திரும்புவார்களா? நாம் பழனிக்குப் போனால் பஞ்சாமிர்தம் வாங்குவதுபோல, அவர்கள் அந்த ஊர் முத்திரை போட்ட ஒரு குட்டிப் பீங்கான் ஜாடி வாங்கினார்கள். கோஸுக்குப் போட்டியாக ஆர்கேடியன், கார்ல்டன், ஷெல்லி என்று பல பேர் வந்தார்கள். கலங்கரை விளக்கம், செருப்பு, பன்றிக்குட்டி, எல்லாவற்றிலும் ஊர் முத்திரை.

1914இல் போர் வந்தது. அதே பட்டறைகள் ஆம்புலன்ஸ், போர்க்கப்பல், நீர்மூழ்கி, வெடிகுண்டு என்று வார்க்க ஆரம்பித்தன. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸில் சோம் போர்முனையில், ஃப்ளேர் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், டாங்கி முதன்முதலாகக் களத்தில் இறங்கியது. பீங்கான் டாங்கியும் சீக்கிரமே கடைக்கு வந்துவிட்டது. அடியில் இருக்கும் வாசகம் தப்பு என்பதைக் கவனியுங்கள். ஆங்கர் போர் நடந்தது நவம்பரில். பட்டறைக்காரர் செய்தித்தாளை அரைகுறையாகப் படித்துவிட்டு அச்சடித்திருக்கிறார், யாரும் திருத்தவில்லை.

பின்பக்கத்துச் சக்கரம் முதல் மாடல் டாங்கிக்கு இருந்தது, வண்டியைத் திருப்புவதற்கு. பெரிதாக உதவவில்லை என்று அடுத்த மாடல்களில் எடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் பொம்மையின் அச்சு ஆரம்ப காலத்தது.

போர்ப் பிரச்சாரம் வீட்டு அலமாரிக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இந்த ஊருக்கு எப்படி வந்தது என்பதில் அதிசயமில்லை. ஆங்கிலேயரும் ஆங்கிலோ-இந்தியரும் இருந்த கண்டோன்மென்ட் பங்களாக்களும் ஒயிட்ஃபீல்டு வீடுகளும் காலியானபோது பெட்டி பெட்டியாக இப்படிப்பட்ட சாமான்கள் காயலான் கடைக்குப் போயின.

கணக்குப்பிள்ளை

விவரத்துக்கு நன்றி. ஆனால் "பிரச்சாரம்" என்ற வார்த்தையில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரச்சாரம் என்றால் அரசாங்கம் காசு போட்டு, ஆள் வைத்து, நம் மண்டையில் ஏற்றுவது. இங்கே எந்த மந்திரியும் கோஸ் கம்பெனிக்கு உத்தரவு போடவில்லை. சுற்றுலா படுத்துவிட்டது, சூளையை அணைக்க முடியாது, பேப்பரில் டாங்கி டாங்கி என்று வருகிறது, டாங்கி செய்தார்கள். கப்பன் பார்க் வாசலில் ஆகஸ்ட் 15க்கு மூவர்ணப் பட்டை விற்கும் பையன் பிரச்சாரகனா? ஆகஸ்ட் 16 அன்று அவன் சோப்புக் குமிழி விற்பான்.

பழையசாமான்

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு கதை. போருக்கு முன்னால் பிரிட்டிஷ் கடற்கரை ஊர்களின் முத்திரை போட்ட மலிவுப் பீங்கானில் கணிசமான பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜெர்மனியிலும் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்திலும் இருந்து. எதிரி நாட்டுத் தொழிற்சாலைதான் பிளாக்பூல் முத்திரை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. போர் வந்ததும் அந்தச் சரக்கு நின்றது. உள்ளூர்ப் பட்டறைகளுக்குப் போட்டி ஒழிந்தது. அதனால் வியாபாரம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அரசாங்கம் சொல்லாமலே கடைக்காரர் செய்கிறார், கடைக்காரர் வற்புறுத்தாமலே ஜனங்கள் வாங்குகிறார்கள் என்றால், அரசாங்கத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? போஸ்டருக்கு அது செலவழிக்க வேண்டும். இதற்கு ஜனங்களே செலவழிக்கிறார்கள்.

இன்னும் சில உருப்படிகள் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் 1941இல் ஒரு ஊசி செருகும் பொம்மை வந்தது. ஹாட்ஸி நாட்ஸி என்று பெயர். ஹிட்லர் குனிந்து நிற்பார், பின்பக்கம் பஞ்சு மெத்தை. தையல்காரம்மா ஊசியை எங்கே செருக வேண்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் கிரவுன் டெவன் பீங்கானில் மூத்திரச் சட்டி, உள்ளே அடியில் ஹிட்லர் முகம். அவர்கள் கொச்சையில் 'ஜெர்ரி' என்றால் ஜெர்மன்காரனும் அதுதான், மூத்திரச் சட்டியும் அதுதான். சிலேடைக்குக் கேட்கவா வேண்டும். ஐடியாவும் புதிதல்ல. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே ஊர்க் குயவர்கள் நெப்போலியனைச் சட்டிக்குள் உட்கார வைத்திருந்தார்கள்.

தூக்கம்வராதவன்

அந்தச் சட்டி சண்டே பஜாரில் கிடைத்தால் தயவுசெய்து சோப்பு டப்பா என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள் அண்ணா.

அல்சூர்_ஏரிக்கரை

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். நேற்று ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். போஸ்டர் என்றால் சுவரில் இருக்கும், பார்த்துவிட்டுப் போய்விடலாம். ஊசி பொம்மையில் நாம் குத்த வேண்டும். சட்டியில் நாம்தான்… சரி, விடுங்கள். அதாவது கண்ணை விட்டுவிட்டுக் கையை வேலை வாங்குகிறார்கள். தினம் நாலு முறை குத்திய கைக்கு, "நான் எதுவும் நம்பவில்லை, சும்மா வேடிக்கை" என்று சொல்ல முடியுமா?

பழையசாமான்

அதேதான். ஜெர்மனிக்காரர்களும் ஆஸ்திரியாக்காரர்களும் இதை எங்கே கொண்டுபோனார்கள் என்று பாருங்கள். 1915இல் வியன்னாவில் மரத்தில் ஒரு வீரன் சிலை வைத்து, காசு கொடுத்தால் அதில் ஒரு ஆணி அடிக்கலாம் என்றார்கள். காசு போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு. அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. எல்லாவற்றிலும் பெரியது பெர்லினில் தளபதி ஹிண்டன்பர்க்கின் சிலை, சுமார் 12 மீட்டர் உயரம், 1915 செப்டம்பரில் திறந்தார்கள். இரும்பு ஆணிக்கு 1 மார்க், தங்க ஆணிக்கு 100 மார்க். ஜனங்கள் சாரத்தில் ஏறி, சுத்தியல் வாங்கி, வரிசையில் நின்று அடித்தார்கள். இரும்புக் கவசம் பூட்டுகிறோமாம். அம்மனுக்குக் காசு கொடுத்து வெள்ளிக் கவசம் சாத்துகிறோமே, அந்த மாதிரியே. ஆள்தான் வேறு.

இன்னொன்று இரும்பு மோதிரம். 1813இல் நெப்போலியனை எதிர்த்தபோது பிரஷ்யாவில் பெண்கள் தங்க நகையைக் கொடுத்துவிட்டு இரும்பு நகை வாங்கிப் போட்டார்கள். "இரும்புக்காகத் தங்கம் கொடுத்தேன்" என்று அதில் எழுதியிருக்கும். 1914இல் திரும்பவும் அதே வாசகத்தோடு இரும்பு மோதிரம். விரலில் தங்கம் போட்டிருந்தால் நான்கு பேர் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

எச்ஏஎல்_பென்ஷனர்

தங்கம் என்றதும் எழுத உட்கார்ந்தேன். எனக்கு இப்போது 74 வயது.

1962 நவம்பர். சீனப் போர். நான் பதினோரு வயதுப் பையன், நாங்கள் மர்ஃபி டவுனில் இருந்தோம். தேசியப் பாதுகாப்பு நிதி என்று ஆரம்பித்து ஊரெல்லாம் வசூல். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போனார்கள். அம்மாவிடம் இருந்தது இரண்டு வளையல். ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு கையில் மட்டும் வளையலோடு ரொம்ப நாள் இருந்தார், ஏன் என்று கேட்பவர்களிடம் சொல்வதற்காகவே. ரசீதை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அம்மாவை யாரும் வற்புறுத்தவில்லை. அதேசமயம் கொடுக்காமல் இருந்திருக்க முடியுமா என்று கேட்டால், அந்தத் தெருவில் முடிந்திருக்காது.

அடுத்த ஜனவரியிலேயே நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது. 14 காரட்டில் தாலி செய்ய யார் வருவார்கள்? எங்கள் பத்தர் நகர்த்பேட்டையில் பட்டறை வைத்திருந்தார். பட்டறையை மூடிவிட்டு ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா கடைசி வரை ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்: "நான் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன், பத்தர் வயிற்றில் அடிப்பதற்காகக் கொடுக்கவில்லை."

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் முழுதாக ஒழிந்தது. அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. கறையான் ஒரு ஓரத்தைத் தின்றுவிட்டது.

கணக்குப்பிள்ளை

சார், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டத் தோன்றவில்லை. ஆனால் வளையல் வேறு, பொம்மை வேறு. வளையல் கொடுத்தது தியாகம்.

எச்ஏஎல்_பென்ஷனர்

வளையல் தியாகம்தான் தம்பி. கண்ணாடிச் சட்டம் போட்ட ரசீது?

சாப்பர்_வீட்டுப்பேத்தி

இந்த இழையை ஒளிந்திருந்து படித்துக்கொண்டிருந்தேன். இப்போது நானும் ஒன்று கேட்கலாமா? எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு பித்தளைப் பெட்டி இருக்கிறது. பாட்டி அதில் குங்குமம் வைத்திருந்தார், அவருக்கு முன் அவருடைய மாமியார் சீவல் வைத்திருந்தாராம். கொள்ளுத் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். "பஸ்ரா போய்வந்தவர்" என்றுதான் வீட்டில் பேச்சு. மூடியில் நடுவில் ஒரு பெண் முகம், பக்கவாட்டில் தலையலங்காரம் தெரிகிறது. பாட்டி அதை ஏதோ ஒரு தேவி என்றே நினைத்திருந்தார், வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பொட்டு உண்டு. சுற்றிலும் எழுத்துகள், பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. கீழே 1914 மட்டும் நன்றாகப் படிக்க முடிகிறது.

பழையசாமான்

அம்மா, அந்த தேவி பெயர் மேரி. ஐந்தாம் ஜார்ஜின் மகள், அப்போது 17 வயது. 1914 கிறிஸ்துமஸுக்குப் படையில் இருப்பவர்களுக்கு ஒரு பரிசு அனுப்ப வேண்டும் என்று அவர் பெயரில் நிதி திரட்டினார்கள். 1,60,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பெட்டிதான் இது. நடுவில் அவர் முகம், இரண்டு பக்கமும் 'எம்' என்ற எழுத்து, கீழே கிறிஸ்துமஸ் 1914, ஓரங்களில் கூட்டாளி நாடுகளின் பெயர்கள். செர்பியா என்ற பெயரை அந்தக் காலத்து எழுத்தில் 'சர்வியா' என்று போட்டிருக்கும், பாருங்கள்.

முதலில் போர்முனையில் இருப்பவர்களுக்கும் கப்பற்படைக்கும் மட்டும் என்றார்கள். அப்புறம் அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் அரசரின் சீருடையில் இருந்த எல்லாருக்கும் என்று விரிந்தது. மொத்தம் 26 லட்சத்துக்கும் மேல். பித்தளைக்குப் பஞ்சம் வந்தது. அமெரிக்காவில் இருந்து வந்துகொண்டிருந்த பித்தளைத் தகடு 1915 மே மாதம் லூசிடானியா கப்பலோடு கடலுக்குள் போய்விட்டது. பெட்டி எல்லாருக்கும் போய்ச்சேர்வதற்குள் போரே முடிந்துவிட்டது.

உள்ளே என்ன இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் புகையிலை, சிகரெட், பைப், லைட்டர். புகை பிடிக்காதவருக்கு மிட்டாயும் எழுதுபொருளும். கூர்க்காக்களுக்கு பிரிட்டிஷ்காரருக்குக் கொடுத்ததே. சீக்கியருக்குக் கற்கண்டும் ஒரு டப்பா மசாலாப் பொருளும். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு சிகரெட், கற்கண்டு, மசாலா. தண்ணீர் சுமந்தவர்களுக்கும் மற்ற எடுபிடிகளுக்கும் மசாலா டப்பா மட்டும், பித்தளைப் பெட்டி கிடையாது. யாருக்கு எது ஆகும், யாருக்கு எது ஆகாது என்று சாதி மதக் கணக்குப் போட்டு லண்டனில் உட்கார்ந்து பொட்டலம் கட்டியிருக்கிறார்கள்.

சாப்பர்_வீட்டுப்பேத்தி

கை நடுங்கத் தட்டுகிறேன். இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். 'சர்வியா' இருக்கிறது! ஆனால் இன்னொரு மூலையில் ஜப்பான் என்று இருக்கிறதே? ஜப்பான் எதிரி அல்லவா?

பழையசாமான்

அது இரண்டாவது போரில். முதல் போரில் ஜப்பான் பிரிட்டன் பக்கம். 1914இல் பெட்டி மூடியில் கௌரவமாக இருந்த அதே ஜப்பான் 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது, மெட்ராஸ் நகரமே பயந்து காலியானது. பெட்டியில் இருப்பது அழியாது, கூட்டணி அழிந்துவிடும்.

வத்திப்பெட்டி

நானும் வந்துவிட்டேன். சொந்த ஊர் சிவகாசிப் பக்கம், பிழைப்பு ஒயிட்ஃபீல்டில். தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவன்.

அக்காவின் பெட்டிக் கதையில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஆங்கிலேயர் எவ்வளவு யோசித்து அனுப்பினாலும், பெட்டி நம் வீட்டுக்குள் வந்ததும் இளவரசி பொட்டு வாங்கிக்கொண்டு குங்குமச் சிமிழ் ஆகிவிட்டார். பிரச்சாரம் அங்கேயே படுத்துவிட்டது.

இதைவிடப் பெரிய தோல்வி 'எம்டன்'. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே நின்று பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. பிரிட்டிஷாரைப் பொறுத்தவரை எதிரி. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? "அவன் பெரிய எம்டன்பா" என்று சாமர்த்தியசாலிக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்த வார்த்தை நிற்கிறது. எதிரியின் பெயரையே மெச்சுகிற வார்த்தையாக்கிய ஊரில் எந்தப் பீங்கான் டாங்கி செல்லுபடியாகும்?

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது.

தூக்கம்வராதவன்

நான் தட்டிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டேன் :(

பழையசாமான்

எம்டனிலும் ஒரு நினைவுப்பொருள் வியாபாரம் உண்டு. அதே வருஷம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியது. எம்டனில் மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. அவற்றில் சுமார் ஆயிரத்தை ஒரு நகைக்கடையில் கொடுத்து, மேலே கிரீடமும் கப்பல் பெயர்களும் வைத்துப் பதக்கமாக்கினார்கள். சிட்னி மாலுமிகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். வத்திப்பெட்டி தம்பி சொன்னதுபோல, நமக்கு வார்த்தை மிஞ்சியது, அவர்களுக்கு வெள்ளி.

கணக்குப்பிள்ளை

வத்திப்பெட்டி, உங்கள் ஊர்ச் சரக்கைப் பற்றிப் பேசவே இல்லையே? தீபாவளிக்கு நாம் வெடிக்கும் 'ஆட்டம் பாம்' யார் பிரச்சாரம்?

வத்திப்பெட்டி

ஹா, பிடித்துவிட்டீர்கள். பச்சை நூல் சுற்றிய உருண்டைக்கு அந்தப் பெயர். ஹிரோஷிமாவில் செத்தவர்களை நினைத்து யாரும் திரி கிள்ளுவதில்லை. பெரிய சத்தத்துக்கு உலகத்தில் இருந்த பெரிய பெயரை எடுத்து ஒட்டிவிட்டார்கள். இங்கே நீங்கள் சொன்னதுதான் சரி, வெறும் வியாபாரம். ஆனால் குழந்தைகள் வாயில் அணுகுண்டு என்பது ஒரு ஜாலியான சொல்லாகிவிட்டதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தீப்பெட்டி லேபிளில் கதை வேறு. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் ஆரம்பித்தபோது எதிரில் நின்றது ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி. நம்முடையதை வாங்கு என்பதற்கே காந்தி, பாரதமாதா, ராட்டை என்று படம் போட வேண்டியிருந்தது. என் ஆல்பத்தில் சிப்பாய், டாங்கி, விமானம் போட்ட லேபிள்கள் தனியாக நான்கு பக்கம் இருக்கின்றன. ஒன்றில் ஜவான் இடது கையால் சல்யூட் அடிக்கிறார். ஓவியர் அவசரத்தில் இருந்திருப்பார்.

எச்ஏஎல்_பென்ஷனர்

1965 போரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேட் விமானத்தை இங்கிலாந்துக் கம்பெனியின் உரிமத்தில் எங்கள் எச்ஏஎல் விமான பேக்டரியில்தான் கட்டினார்கள், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலேயே. அந்தச் சின்ன விமானம் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியதும் 'சேபர் கொல்லி' என்று பெயர் வந்துவிட்டது. அடுத்த வருஷம் மளிகைக் கடைக் காலண்டரில் சாஸ்திரி, ஒரு பக்கம் துப்பாக்கியோடு ஜவான், மறுபக்கம் ஏரோடு விவசாயி, மேலே விமானம். சாஸ்திரி காலமானபின் அம்மா அந்தக் காலண்டரில் தேதிகளைக் கத்தரித்துவிட்டுப் படத்தை மட்டும் மாட்டிவைத்தார்.

1971இல் இன்னொன்று. நவம்பர் 15 முதல் எந்தக் கடிதம் போட்டாலும் கூட 5 பைசா ஸ்டாம்ப் ஒன்று ஒட்ட வேண்டும், வங்காள அகதிகளுக்காக. தனி ஸ்டாம்ப் அச்சடித்து வரும் வரை, கையிலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்ப் மேலேயே 'அகதிகள் நிவாரணம்' என்று ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தார்கள். காதல் கடிதமானாலும் கடன் கடிதமானாலும் 5 பைசா. ஏரிக்கரை தம்பி சொன்னாரே, கையை வேலை வாங்குவது என்று. இங்கே நாக்கையும் வாங்கினார்கள்.

அல்சூர்_ஏரிக்கரை

சார், "நாக்கையும்" என்பதை நான் திருடிக்கொள்கிறேன்.

சாப்பர்_வீட்டுப்பேத்தி

குழந்தைகள் என்று வந்ததால் ஒன்று. நான் ஜவுளி டிசைன் படித்தவள். படிக்கும்போது ஜப்பான் கிமோனோக்களின் படங்கள் காட்டினார்கள். 1930களில் சீனாவோடு போர் தொடங்கியபோது ஆண் குழந்தைகளின் பட்டுக் கிமோனோவில் கொக்கும் பைன் மரமும் இருந்த இடத்தில் குண்டுவீச்சு விமானம், டாங்கி, போர்க்கப்பல். பிறந்து ஒரு மாதமான குழந்தையை முதல்முறை கோவிலுக்கு எடுத்துப் போகும்போது போர்த்துவது அது. நெசவும் சாயமும் அவ்வளவு அழகு! அழகாக இருக்கிறதே என்று ரசித்துவிட்டு, எதை ரசிக்கிறோம் என்று புரிந்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பீங்கான் டாங்கியைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது. அந்தக் கிமோனோவைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. தைத்த அம்மாவுக்கு அந்தப் பிள்ளை பெரியவனாகும்போது என்ன ஆகும் என்று தெரியாதல்லவா.

தூக்கம்வராதவன்

இன்றைக்கு மட்டும் என்ன வாழ்கிறது? 2003இல் ஈராக்கில் அமெரிக்கா, தான் தேடும் ஈராக்கியத் தலைவர்களைப் போட்டுச் சீட்டுக்கட்டு அடித்தது, ஸ்பேட் ஏஸ் சதாம் உசேன். சிப்பாய்களுக்கு அடையாளம் தெரிவதற்காக என்றார்கள். அடுத்த வாரமே கடைகளில் நகல். மக்கள் அதில் ரம்மி ஆடினார்கள்.

நம் ஊரில் 2019இல் அபிநந்தன் திரும்பி வந்தபோது மீசை ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் ஒரு சலூனில் அந்த மீசையை இலவசமாகவே வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. நானும் எங்கள் ஏரியா சலூனில் உட்கார்ந்தேன், காசு கொடுத்துத்தான். ஆபீஸில் மானேஜர், "ஜலதோஷமா?" என்று கேட்டார். இரண்டாம் நாள் எடுத்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை

முகத்திலேயே நினைவுப்பொருள்! உற்பத்திச் செலவு பூஜ்யம். கோஸ் கம்பெனிக்கு இந்த யோசனை வரவில்லை பாருங்கள்.

2025 மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' அறிவித்த சில மணி நேரத்துக்குள் அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பங்கள் போய்விட்டன. சூளை சூடாவதற்குள் பெயரைப் பிடித்துவிட வேண்டும். அதைச் செய்தவர்களுக்கு தேசபக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பையில் இருக்க முடியும் என்றுதான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

*(இங்கே 11 பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.)*

நெறியாளர்

நடப்பு அரசியல் வேண்டாம் என்று பலகையில் ஒட்டியிருக்கிறோம். கட்சிக் கொடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடருங்கள். பீங்கான், பித்தளை, தீப்பெட்டி எல்லாம் பேசலாம். மீசையும் பேசலாம்.

அல்சூர்_ஏரிக்கரை

நன்றி நெறியாளர் சார். கொலுவுக்கே திரும்புகிறேன். அம்மா முடிவோடு இருக்கிறார். "செட்டியார் பொம்மையும் போலீஸ் பொம்மையும் வைக்கிறோம், டாங்கிக்கு என்ன?" என்கிறார்.

எச்ஏஎல்_பென்ஷனர்

தாராளமாக வைக்கலாம். 1999 நவராத்திரிக்கு எங்கள் குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளில் கார்கில் மலை. என் மருமகள் செய்ததில் தெர்மோகோல் மலை, பஞ்சுப் பனி, பிளாஸ்டிக் சிப்பாய்கள், உச்சியில் கொடி. சுண்டல் வாங்க வந்த பிள்ளைகளுக்கு ராமர் பட்டாபிஷேகம் கண்ணில் படவே இல்லை. எதிர்ப்பக்கத்துச் சிப்பாய்க்குப் பொம்மை போதாமல் பழைய செட்டிலிருந்து செவ்விந்தியர்களை எடுத்து நிறுத்திவிட்டாள் பேத்தி.

வத்திப்பெட்டி

கார்கிலில் செவ்விந்தியர்! சார், அதன் போட்டோ இருக்கிறதா?

எச்ஏஎல்_பென்ஷனர்

தேடுகிறேன். பிலிம் ரோல் காலத்துப் படம்.

கணக்குப்பிள்ளை

சரி, நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். கார்கில் கொலுவை யாரும் விற்கவில்லை, அதில் யாருக்கும் லாபமில்லை. என் வியாபாரக் கணக்கு அங்கே இடிக்கிறது. ஆனால் பேத்தி செவ்விந்தியரை நிறுத்தியதில் எந்த அரசாங்கத்தின் கையும் இல்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சாப்பர்_வீட்டுப்பேத்தி

எல்லாருக்கும் நன்றி. பெட்டியை அப்பாவிடம் காட்டி விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்படியானால் என் தாத்தாவுக்குக் கற்கண்டு கொடுத்தானா?" என்று கேட்டார். சிகரெட்டும் கொடுத்தார்கள் என்றேன். தாத்தா சுருட்டுதான் பிடிப்பார், சிகரெட்டை யாரிடமாவது விற்றிருப்பார் என்கிறார்.

ஒரு சந்தேகம். பாட்டி வாராவாரம் புளி போட்டுத் தேய்த்ததில்தான் முகம் மழுங்கியிருக்கிறது. இனி எப்படிச் சுத்தம் செய்வது?

பழையசாமான்

செய்யாதீர்கள் அம்மா. காய்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் பாலிஷ் எதுவும் வேண்டாம். குங்குமம் உள்ளே தொடர்ந்து இருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஈரம் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பர்_வீட்டுப்பேத்தி

குங்குமம் இருக்கும். வெள்ளிக்கிழமை பொட்டும் இருக்கும். மேரி நூறு வருஷமாகப் பழகிவிட்டார்.

அல்சூர்_ஏரிக்கரை

டாங்கிக்கு ஐந்தாவது படி என்று முடிவாகிவிட்டது, தஞ்சாவூர்த் தலையாட்டிக்கும் மரப்பாச்சிக்கும் நடுவில். ஊர்ப்பெயர் அழிந்த இடத்தில் 'அல்சூர்' என்று பெயின்ட் அடிக்கலாமா என்று தம்பி கேட்கிறான். பழையசாமான் சார் திட்டுவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் ரெகுலேட்டர் இன்னும் கிடைக்கவில்லை. அறுபதுகளின் டேபிள் ஃபேன், அடியில் உருண்டைக் குமிழ் வைத்தது. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

எச்ஏஎல்_பென்ஷனர்

என் பரணில் ஒன்று கிடக்கிறது தம்பி. வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள். டாங்கியையும் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள், அந்தப் பின்சக்கரத்தை நான் பார்க்க வேண்டும்.